மூன்று மிச்சம்

26 ஏப்ரல் 2025, சனி, சுங்கை சிப்புட்

இந்த ஆண்டாவது வருமான வரிப் படிவத்தைக் கடைசி நாள்வரை இழுக்கக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். சம்பளக்காரர்களின் பிஇ படிவத்தை இணையத்தில் அனுப்ப மே 15 வரை இடம் இருக்கிறது. இருந்தும் காலையிலேயே சம்பள அறிக்கையை மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடையாள அட்டை எண்ணைத் தட்டினேன். கடவுச்சொல் கட்டம் காலியாகவே நின்றது. வழக்கமாக முகத்தைக் காட்டினால் ஐபோனே நிரப்பிவிடும்.

கடவுச்சொற்கள் இருக்கும் செயலியைத் திறந்தேன். நூற்று நாற்பதுக்கு மேல் இருந்த இடத்தில் மூன்று! மேக்புக்கைத் திறந்தேன். அங்கும் அதே மூன்று: சேலைக் கடை, தண்ணீர்க் கட்டணம், ரயில் டிக்கெட்.

மறந்துவிட்டது என்று சொல்லிப் புதிய கடவுச்சொல் கேட்டால், அதற்கான கடிதம் என் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் காணாமல் போனவற்றில் ஒன்று. அதை மீட்க எண் அனுப்புகிறார்களாம், நான் பணம் போடாமல் என்றோ செத்துப்போன பிரீபெய்டு எண்ணுக்கு. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டியவள் நான்தான்.

27 ஏப்ரல், ஞாயிறு

இரவெல்லாம் அந்த மூன்றையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விடியும்போது பிடிபட்டது. மூன்றுமே சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு சேமித்தவை. புத்தாண்டன்று நான் செய்த ஒரே புதுக் காரியம், பழைய ஐபோனை ஈப்போவிலிருந்து வந்த அண்ணன் மகனுக்குக் கொடுத்தது. திறக்கும் எண்ணையும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அழைத்தேன். "ஆமாம் அத்தை, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். உங்கள் ரகசியங்கள் என்னிடம் இருக்கக் கூடாது அல்லவா?" என்றான். குரலில் பெருமை.

அழித்தவை 30 நாள்வரை 'சமீபத்தில் அழித்தவை' என்ற பகுதியில் கிடக்கும், அங்கிருந்து திரும்ப எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆசையோடு கேட்டேன்.

"அதையும் காலி செய்துவிட்டேன், அத்தை."

நல்ல பிள்ளை. அரைகுறையாகச் செய்து பழக்கமே இல்லை. அவனைத் திட்ட வாய் வரவில்லை. கொடுப்பதற்கு முன் என் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுவதும் துடைத்திருக்க வேண்டியவள் நான். அதைச் செய்யாததால் அந்தப் போன் இன்னமும் என் போனாகவே இருந்தது. அங்கே அழித்தது இங்கேயும் அழிந்தது.

28 ஏப்ரல், திங்கள்

செம்பனை ஆலை அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை. கைப்பேசிக் கடைக்காரர் ஒருவர் 150 ரிங்கிட்டுக்கு மீட்டுத் தருவதாகச் சொன்னார், ஆனால் கணக்கின் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியில் வரும் எண்ணும் வேண்டுமாம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் கருவிகள் எல்லாவற்றிலும் கடவுச்சொற்களை ஒன்றுபோல் வைத்திருக்கும் ஐகிளவுட் சாவிக்கொத்து 2013இல் வந்ததிலிருந்தே நம் கருவிகள் மட்டும் பிரிக்கக்கூடிய பூட்டு அது. ஆப்பிள் நிறுவனமே திறந்து படிக்க முடியாதபோது இவர் எதைத் திறப்பார்?

அப்பா தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆள்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக, இருந்தவர். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் பதிந்த சிறு புத்தகம் அவர் சட்டைப்பையில் இருக்கும். சம்பளம் போடும் பெரிய பேரேடான செக்ரோல், தோட்டத்து எழுத்தரான கிராணியின் மேசையில் இருக்கும். கிராணி அதில் ஒரு பெயரை அழித்தால் அப்பாவின் பையிலிருந்த புத்தகத்தில் அது தானாக அழியாது. சம்பள நாளில் அதை வைத்துத்தான் சண்டையே. நான்கு கருவிகளிலும் கடவுச்சொல் இருக்கிறது, ஆகவே நான்கு பிரதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது செக்ரோல் மட்டும்தான். சட்டைப்பைப் புத்தகம் கிடையாது.

நான்கு கருவி என்று எழுதிய பிறகுதான் உறைக்கிறது. இரண்டு ஐபோன், ஒரு மேக்புக். நான்காவது?

30 ஏப்ரல், புதன்

அம்மாவின் ஐபேட்! நாடகம் பார்ப்பதற்காக என் கணக்கிலேயே போட்டுக் கொடுத்தது. தைப்பூசத்துக்கு மறுவாரம் கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. அன்றிலிருந்து அலமாரியில், போர்வைக்கு அடியில், சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. அழித்த செய்தி அதற்குப் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை.

உடனே சார்ஜரில் செருகப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன். உயிர் வந்ததும் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டால் அதுவும் மூன்றாகிவிடும். சிம் இல்லாத வகை என்பது ஒரு நிம்மதி. நாளை தொழிலாளர் தின விடுமுறை.

1 மே, வியாழன்

முதலில் மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். என் கைப்பேசியை அணைத்தேன். பிறகுதான் ஐபேட் சார்ஜரைப் பார்த்தது. இருபது நிமிடம் கருப்பு. அதன் பிறகு வெள்ளை ஆப்பிள்.

திறக்கும் எண் அம்மாவுக்கு மறக்கவே இல்லை. லயத்து வீட்டு எண், அதன் பின்னால் நான் பிறந்த ஆண்டு. காலையில் சாப்பிட்ட மாத்திரையை மறப்பவர் இதை மறக்கவில்லை. திறந்ததும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, அமைப்புகளுக்குள் போய்க் கடவுச்சொற்களைத் தொட்டேன்.

143.

ஒன்றொன்றாகத் திறந்து பென்சிலால் எழுதினோம். நான் படிக்க, அம்மா ரூல் போட்ட நோட்டில் எழுத என்று ஆரம்பித்தது, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அம்மா தடுமாறியதால் தலைகீழானது. ஆப்பிள் தானாக உருவாக்கிய கடவுச்சொல்லுக்கு ஓர் அச்சு இருக்கிறது: ஆறு எழுத்துக் கட்டுகள் மூன்று, நடுவில் இரண்டு கோடு, மொத்தம் 20. "கோடு... க்யூ... ஒன்பது..." என்று அம்மா மந்திரம்போல் வாசித்தார். விரிசல் ஒரு எழுத்தின்மேல் ஓடினால் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். மூடிப்போன தளங்களையும் இனித் தேவைப்படாதவற்றையும் கழித்ததில் 61 போதும் என்றானது. கைவிரல் வலித்தது.

எழுத முடியாதது ஒன்று இருந்தது. ஒரு தளத்தில் கடவுச்சொல்லுக்குப் பதில் கடவுச்சாவி (பாஸ்கீ), அதாவது கருவியே வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் சாவி, வைத்திருந்தேன். அதற்கு எழுத்தே கிடையாது, பென்சிலால் என்ன செய்வது? அங்கே மட்டும் புதிதாகப் பதிய வேண்டும்.

3 மே, சனி

61ஐயும் மேக்புக்கில் தட்டி முடித்தேன். பழைய மின்னஞ்சல் முதல் முயற்சியிலேயே திறந்தது. மீட்பு எண்ணை மாற்றிவிட்டேன். வரிப் படிவமும் போய்விட்டது. அண்ணன் மகனுக்குப் படிப்படியாகச் சொல்லி, அந்தப் போனிலிருந்து என் கணக்கை வெளியேற்றச் செய்தேன்.

மேக்கிலிருந்து மொத்தப் பட்டியலையும் கோப்பாக எடுத்து அச்சிட்டேன். அந்தக் கோப்புக்குப் பூட்டு இல்லை, யார் திறந்தாலும் படிக்கலாம். ஆகவே அச்சு வந்ததும் கோப்பை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். தாள் அம்மாவின் மைலோ டின்னுக்குள் போயிற்று. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. அந்த டின்னை அம்மா யாரையும் தொட விடமாட்டார்.

கடைசியாக ஐபேட்டை வைஃபையில் விட்டுவிட்டு, கடவுச்சொல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். சிறிது நேரம் 143ஆகவே நின்றது. பிறகு, நான் கண் சிமிட்டிய நேரத்தில், 64.

"முடிந்ததா?" என்றார் அம்மா. "அப்படியானால் கொடு. பிப்ரவரியிலிருந்து நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை."