நல்லதுதானே, சேர்

எங்கள் அலுவலகத்துக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்த அக்கா என்னைப் பதினோரு வருடமாகத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார். அன்றைக்கு மட்டும் ‘சேர்’ என்றார்.

இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். கந்தோர் என்றால் எல்லோரும் எல்லோருக்கும் சேர்தானே, இதற்கா மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு முன் நான் சொன்னது இது: “அக்கா, அடுத்த மாதத்திலிருந்து தேத்தண்ணீர் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். எல்லோரும் வீட்டிலிருந்தே கொண்டுவரப் பார்க்கிறோம். நாடு இருக்கிற நிலையில் நாங்களும் கொஞ்சம் எளிமையாக இருக்கப் பழகத்தானே வேண்டும்.” அவர் இரண்டு சுடுதண்ணீர்ப் போத்தல்களையும் கூடைக்குள் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “நல்லதுதானே, சேர்” என்றார்.

அது 2022 மே மாதம், இலங்கை பொருளாதார நெருக்கடியில் மூழ்கியிருந்த நேரம். அந்த மாதத்தைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

மட்டக்களப்பில் இருக்கிற எங்கள் கந்தோரின் நலன்புரிச் சங்கத்துக்கு நான் பொருளாளர். இருபத்திரண்டு பேர், தேத்தண்ணீருக்கென்று ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். காலை பத்து மணிக்கு ஒருமுறை, பின்னேரம் மூன்று மணிக்கு ஒருமுறை. வடை, ரோல்ஸ், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் தனிக்கணக்கு. அவரவர் காசு, அவரவர் கடன். அக்காவின் பருப்பு வடையின் நடுவில் வாவி இறால் ஒன்று ஓட்டோடு பதிந்திருக்கும். அதன் மீசை எண்ணெயில் பொரிந்து நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். மீசை நீளமான வடையைத் தேடி எடுப்பவர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே பேனா மூடியைப் போட்டுவிடுவார்.

ஏப்ரல் கடைசியில் அக்கா என் மேசைக்கு வந்தார். “தம்பி, ஆயிரத்தை ஆயிரத்து எண்ணூறு ஆக்கித் தர ஏலுமா?” என்று கேட்டார். மார்ச் மாதத்திலேயே 400 கிராம் பால்மாப் பைக்கற்று 790 ரூபாய்க்குப் போயிருந்தது. பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு சிலிண்டர் ஏப்ரலில் 4,860. அதற்கு ஏழு மாதம் முன்னர் 1,493. அந்த விலைக்கும் சிலிண்டர் இருந்தால்தானே? அவர் அப்போது விறகுக்கு மாறிவிட்டார் என்பது அவர் கொண்டுவந்த போத்தலின் அடியில் இருந்த கரியில் தெரிந்தது. கூட்டத்தில் போடுகிறேன் என்றேன். போட்டேன்.

போட்ட விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். “அக்கா எண்ணூறு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்” என்றேன். மின்வெட்டு நேரம், மின்விசிறி நின்றிருந்தது, எல்லோரும் கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியில் இரண்டு மூன்று பேராவது “பாவம், கூட்டிக் கொடுப்போம்” என்று சொல்லியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நான் இடம் விடவில்லை. “இதையே ஒரு சந்தர்ப்பமாக எடுத்தால் என்ன?” என்று தொடங்கிவிட்டேன். சாப்பாட்டுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் ஷீட் குப்பையைப் பற்றிச் சொன்னேன். 2017இல் தடை வந்தும் நாளுக்கு இருபது பொலித்தீன் தாள் எங்கள் கந்தோரிலிருந்து மட்டும் வெளியே போகிறது, அதில் பாதி வாவியில்தான் மிதக்கிறது என்றேன். சீனியைப் பற்றிச் சொன்னேன். எங்களில் ஆறு பேருக்கு நீரிழிவு. எங்கள் அம்மாமார் கந்தோர் வேலைக்குப் போனவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்த காலத்தைச் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். கை தட்டாத குறை.

கூட்ட அறிக்கையையும் நானே எழுதினேன்: “தேநீர் ஏற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்துவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” ஏகமனது என்பது எந்தக் கூட்ட அறிக்கையிலும் வருகிற சொல், அதை விடுங்கள். ‘தற்காலிகமாக’ என்று ஏன் எழுதினேன்? யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்குள்ளேயே ஏதோ ஒன்று இடித்திருக்கிறது, அந்தச் சொல்லைப் போட்டு அதை அடக்கியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

என் பக்கமும் இருக்கிறது. நான் சொகுசில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கு எளிமை போதித்தவன் அல்ல. வீட்டுக் கடன் ஒன்று, மோட்டார் சைக்கிள் தவணை ஒன்று, இரண்டு பிள்ளைகள். பெற்றோல் வரிசையில் ஓர் இரவு முழுவதும் நின்று, விடியும்போது ‘முடிந்துவிட்டது’ என்ற பலகையைப் பார்த்துத் திரும்பியவன். ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று ஆவதற்கு முன்பே, அப்பாவின் பழைய லுமாலா சைக்கிளைத் தட்டித் துடைத்து, டயர் மாற்றி, ஆரையம்பதியிலிருந்து கந்தோருக்கு மிதிக்கத் தொடங்கிவிட்டேன். முதல் கிழமை தொடை இரண்டும் இறுகிப்போய் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பழகிவிட்டது. காலையில் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவியிலிருந்து வருகிற அந்தக் காற்றை, மோட்டார் சைக்கிளில் போன இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் முகத்தில் வாங்கியதில்லை. அப்பா இதே சைக்கிளில்தான் வாத்தியார் வேலைக்குப் போனார். வழியில் தெரிந்த பெரியவர் யாரையாவது கண்டால் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கதைப்பார். அதனாலேயே பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போவார். சின்ன வயதில் எனக்கு அது பெரிய எரிச்சல்.

வளவில் மரவள்ளி நட்டேன், பயிற்றங்கொடி ஏற்றினேன், நான்கு கோழி வாங்கினேன். சிக்கனம் என்று தொடங்கியது போகப்போக ஒரு ருசியாகவே ஆகிவிட்டது. சந்தைக்குப் போகாமல் ஒரு கறி ஆக்கிவிட்டால் அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். இப்போதும் அந்த வாழ்க்கையை நான் குறை சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தம் குறைந்தது, பிள்ளைகளுக்கு எந்தக் கீரை எந்தச் செடியில் வருகிறது என்று தெரிந்தது. இதெல்லாம் உண்மை.

அதே அளவு உண்மை இன்னொன்று. நான் கொண்டுபோன அந்த எளிமையான மத்தியானச் சாப்பாட்டுக்காக என் மனைவி அதிகாலை நான்கரைக்கு எழும்பினார். காஸ் இல்லை, ஈர விறகு, ஊதி ஊதிக் கண் சிவந்துபோகும். ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, “முன்னர் இந்த வேலைக்கு ஓர் ஆளுக்குக் காசு கொடுத்தீர்கள்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கேட்காததுபோல் சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்கப் போய்விட்டேன்.

ஓர் இரவு கணக்குப் பார்த்தேன். பொருளாளர்தானே, கூட்டத்துக்கு முன்னரே பார்த்திருக்க வேண்டியவன், எல்லாம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு பார்த்தேன். இருபத்திரண்டு பேர், நாளுக்கு இரண்டு முறை, மாதம் இருபது நாள்: 880 கோப்பை. பழைய கணக்கில் ஒரு கோப்பை 25 ரூபாய். அவர் கூட்டிக் கேட்ட கணக்கில் ஒரு கோப்பை 45 ரூபாய். வெளியே கடைகளில் அப்போது பால் தேத்தண்ணீர் 100 ரூபாய். பாதி விலைக்கும் குறைவாகக் கேட்டவரைத்தான் நான் ‘எண்ணூறு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்’ என்று கூட்டத்தில் நிறுத்தினேன். அந்த வருடம் ஜனவரியிலிருந்து அரச ஊழியர் எங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு கூடக் கிடைத்தது. விலைவாசிக்கு அது எந்த மூலைக்கு என்று நாங்கள் ஏசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அக்காவுக்குக் கூட்டித் தரக்கூடிய ஒரே இடம் நாங்கள்தான்.

இனி மறுபக்கம். நான் நிறுத்தாவிட்டாலும் அது நின்றுதான் போயிருக்கும். ஜூன் 17இலிருந்து அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று வந்தது, மூன்று மாதத்துக்கு. வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லித்தான் அந்த விடுமுறை. ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைக்கு மட்டும் என்றார்கள், கந்தோருக்கு ஐந்தாறு பேர் வந்தாலே பெரிது. வராதவர்களுக்கு யார் தேத்தண்ணீர் ஊற்றுவது? இந்த நியாயத்தை நான் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் அப்படி நின்றிருந்தால் நாட்டு நிலைமையால் நின்றதாக இருந்திருக்கும். அக்கா என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டு, “என்ன செய்வது தம்பி, காலம் அப்படி” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான் பதினைந்து நாள் முந்திக்கொண்டேன். அது மட்டுமில்லை, அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்தேன். ‘எங்களால் முடியவில்லை அக்கா’ என்று சொல்லியிருந்தால் அது அவருக்குப் புரிகிற பேச்சு, அவர் வீட்டிலும் அதே பேச்சுத்தான். ‘எளிமையாக இருக்கப் பழக வேண்டும்’ என்று நான் சொன்னது யாரைப் பார்த்து? கரி பிடித்த போத்தலோடு, திருப்பெருந்துறையிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த மனுசியைப் பார்த்து.

சில நேரம் வேறு மாதிரியும் நினைக்கிறேன். அவர் உண்மையாகவே நல்லது என்றுதான் சொன்னாரோ? 25 ரூபாய்க்கு ஊற்றி ஊற்றி நட்டப்பட்டவருக்கு அது ஒரு விடுதலையாக இருந்திருக்கலாம். விடுங்கள் என்று சொல்ல வாய் வராமல் இருந்தவருக்கு நான் வழி திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் அப்படியென்றால் அந்த ‘சேர்’ எதற்கு? இந்த இடத்துக்கு வந்ததும் மறுபடியும் தொடக்கத்துக்கே போய்விடுகிறேன்.

இப்போது கந்தோரில் ஒரு மின்சாரக் கேத்தல் இருக்கிறது. தேயிலைப் பை, சீனிப் போத்தல், ஒரு கரண்டி. கோப்பையைக் கழுவுவது யார் என்று கிழமைக்கு ஒரு சண்டை. லஞ்ச் ஷீட் குப்பை உண்மையாகவே குறைந்திருக்கிறது, அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மீசை வடை தேடுகிறவர் ஓய்வுபெற்றுவிட்டார். கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் அந்தத் ‘தற்காலிகமாக’ இன்னும் இருக்கிறது. அதை நீக்கியோ மாற்றியோ வேறு தீர்மானம் எதுவும் அதற்குப் பிறகு எழுதப்படவில்லை. சட்டப்படி பார்த்தால் எங்கள் தேத்தண்ணீர் 2022இலிருந்து இன்றுவரை தற்காலிகமாக நிற்கிறது.

2023 கடைசியில், அரசடிச் சந்தியில் அக்காவைக் கண்டேன். பின்னேரம், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். கையில் வெறும் துணிப்பை, கூடை இல்லை. மெலிந்திருந்தார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. ஒரு விடுதியில் சமையலுக்குப் போவதாகச் சொன்னார். “சம்பளம் மாதம் பிறந்தால் வரும், பால்மா விலை பார்க்கத் தேவையில்லை” என்று சிரித்தார். என் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தார். வடை போடுகிறீர்களா என்று கேட்டேன். விடுதிப் பிள்ளைகளுக்கு யார் இறால் வைத்து வடை போடுவது என்றார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். “இன்னும் இதிலா வருகிறீர்கள்? நல்லதுதானே” என்றார்.

இந்த முறை ‘சேர்’ என்றும் சொல்லவில்லை, ‘தம்பி’ என்றும் சொல்லவில்லை. நான் அதையே யோசித்துக்கொண்டு மிதித்தேன். பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது: அவர் நின்று கதைத்த அந்த ஐந்து நிமிடமும், ஒரு காலைத் தரையில் ஊன்றி மறுகாலைப் பெடலில் வைத்தபடியே நான் இருந்திருக்கிறேன். சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.