டனல் அப், டேட்டா மட்டும் வரவில்லையா?

ஃபயர்வாலுக்குப் பின்னால் ஐபிசெக் விபிஎன் (இணையத்தின் வழியே என்கிரிப்ட் செய்த டனல் போடும் முறை) ஓட்டுகிற நண்பர்களுக்காக இது.

யுடிபி 500 திறந்தாயிற்று, டனலும் ‘அப்’ என்று காட்டுகிறது, ஆனால் ஒரு பாக்கெட்கூட மறுபக்கம் போகவில்லை என்றால் முதலில் இஎஸ்பியைப் பாருங்கள். 500இல் நடப்பது சாவிப் பரிமாற்றம்தான். டேட்டா போவது இஎஸ்பியில். அது ஐபி புரோட்டோகால் எண் 50. போர்ட் 50 கிடையாது. டிசிபி 50, யுடிபி 50 என்று ரூல் எழுதி வைத்திருப்பதை இன்னமும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. நடுவில் நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் வசதி) இருந்தால் இஎஸ்பி யுடிபி 4500க்குள் பொதிந்து போகும். அதையும் திறக்க வேண்டும். வயர்கார்ட் என்ற இன்னொரு விபிஎன் முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஒரே யுடிபி போர்ட், வழக்கமாக 51820.

பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நிற்கிறதா? எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கலாக இருக்கலாம். என்கிரிப்ஷன் ஹெடர்கள் சேர்வதால் 1500 பைட் பாக்கெட் டனலுக்குள் கொள்ளாது. பாதுகாப்பு என்று ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழைத் தகவல்களைச் சுமக்கும் புரோட்டோகால்) முழுவதையும் அடைத்துவிட்டால், ‘சிறிதாக்கி அனுப்பு’ என்ற தகவல் அனுப்பியவருக்குப் போய்ச் சேராது. ஐபிவி4இல் அந்தத் தகவலான டைப் 3 கோட் 4ஐயாவது அனுமதியுங்கள். எம்எஸ்எஸ் கிளாம்பிங்கும் (டிசிபி அனுப்பும் துண்டின் அளவை முன்கூட்டியே குறைப்பது) போட்டால் டிசிபிக்கு நிம்மதி.

இதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன்: வெளிப்பக்க ரூலுக்குத் தெரிவது என்கிரிப்ட் ஆன பாக்கெட். உள்ளே என்ன போகிறது என்று அதற்குத் தெரியாது. டிகிரிப்ட் ஆன பிறகு, டனல் இன்டர்ஃபேஸில் தனியாக ரூல் எழுதுங்கள். அங்கே ‘எல்லாம் அனுமதி’ போட்டுவிட்டால், மறுமுனையில் வைரஸ் புகுந்த ஒரு கணினி நேராக உங்கள் சர்வர்வரை வந்துவிடும்.