மேகசினில் கொஞ்சம் கேஸ் மிச்சம் இருக்கட்டும்

கேஸில் இயங்கி, சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுப் பிஸ்டல்கள் மைதானத்தில் உடைவதைவிட அலமாரியில் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். காரணம் ரப்பர். குக்கர் காஸ்கெட்டை ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து மாட்டினால் விறைத்துப்போய் ஆவி ஒழுகுமே, குண்டும் கேஸ் தொட்டியும் அடங்கிய மேகசினுக்குள், கேஸ் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கும் அதே கதிதான். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் ஸ்பிரிங்கும் எத்தனையோ நாள் பொறுத்துக்கொள்ளும், சீல் பொறுக்காது.

டோக்கியோ மருயின் ஹை-கேப்பா 5.1-ஐ மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஜப்பானில் தயாராகி உலகம் முழுக்கப் புழங்கும் மாடல் அது. சுடும்போது கேஸே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளும் மற்ற ‘கேஸ் ப்ளோபேக்’ பிஸ்டல்களின் மேகசின் அமைப்பும் பெரும்பாலும் இதேதான்.

எடுத்து வைக்கும் நாளில் முதல் வேலை மேகசினைக் கழற்றுவது. கழற்றிய பிறகும் சுடத் தயாராகக் குண்டு நிற்கும் சேம்பரில் ஒரு குண்டு தங்கியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து உள்ளே பாருங்கள். அதன் பின், வால்வைத் தட்டும் சுத்தியலான ஹாமரைக் கட்டைவிரலால் தாங்கியபடி ட்ரிகரை அழுத்தி மெதுவாக இறக்கிவிடுங்கள். ஹாமரைப் பின்னுக்கு இழுத்தபடியே வைத்தால் அதன் ஸ்பிரிங் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடக்கும். மேகசினில் இருக்கும் குண்டுகளையும் இதே காரணத்துக்காகக் காலி செய்துவிட வேண்டும். 31 குண்டுகளோடு அப்படியே விட்டால் குண்டைத் தள்ளும் மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்துபோகும்.

கேஸை மட்டும் முழுக்கக் காலி செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் இருந்தால்தான் ஓ-ரிங் அதன் பள்ளத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கும், தூசியும் உள்ளே நுழையாது. கேஸோடு கலந்துவரும் சிலிக்கான் எண்ணெயும் ரப்பரைக் காயவிடாது. நிறைய வேண்டாம். மேகசினைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ் கேனையும் கவிழ்த்து, மேகசின் அடியில் இருக்கும் நிரப்பும் வால்வில் நேராக அழுத்தி ஒரு விநாடி விட்டால் போதும். கேனை நிமிர்த்திப் பிடித்தால் திரவம் இறங்காது, வெறும் ஆவிதான் போகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஹாமர் தட்டும் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றும் வால்வை லேசாகத் தட்டிப் பாருங்கள். ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் சரி. வரவில்லை என்றால் இன்னொரு விநாடி நிரப்பிவிட்டு, கசிவைத் தேடுங்கள்.

சமையலறைத் தராசு இருந்தால் வேலை இன்னும் சுலபம். 0.1 கிராம் வரை காட்டுவது நல்லது. எடுத்து வைக்கும் நாளில் மேகசினை நிறுத்து, எடையையும் தேதியையும் ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு கிராம் குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஒழுகுகிறது.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். மேகசினை முக்கிப் பிடித்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். அடியில் இருக்கும் நிரப்பும் வால்வு, ஹாமர் தட்டும் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றும் வால்வு, தொட்டியின் அடியை மூடும் சீல், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உச்சியில் இருக்கும் கறுப்பு ரப்பர் உதட்டைப் பலர் முதலில் மாற்றிவிடுகிறார்கள். அது சுடும் நொடியில் மட்டும் வேலை செய்யும் பாகம். அது கிழிந்தால் வேகம் குறையும், ஆனால் சும்மா இருக்கும்போது கேஸ் போகாது. நிரப்பும் வால்வில் குமிழி வந்தால் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு, கேஸ் நிரப்பி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் மிச்சக் கேஸை மெதுவாக முழுக்க வெளியேற்றிவிட்டு, வால்வு சாவியால் கழற்றி ஓ-ரிங்கை மாற்ற வேண்டும். அழுத்தம் இருக்கும்போது வால்வைத் திருகவே கூடாது. தண்ணீரில் முக்கிய மேகசினை நன்றாக உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள், ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

கரியமில வாயு மேகசினுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். 20 டிகிரியில், சாதாரண கேஸ் மேகசினில் நிரப்பும் 134ஏ கேஸின் அழுத்தம் சுமார் 5.7 பார், புரொப்பேனுக்குச் சுமார் 8.4 பார். கரியமில வாயுவுக்கோ 57 பார். 12 கிராம் குப்பியை உள்ளேயே விட்டுவைத்தால் அந்த வாயு ரப்பருக்குள்ளேயே ஊறி, ஓ-ரிங் உப்பிப்போகும். விளையாட்டு முடிந்ததும் மிச்சத்தைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, மூடியை மெல்லத் திருகி, சீறல் முழுக்க அடங்கிய பிறகு குப்பியை எடுத்துவிடுங்கள். உப்பிய ரிங்கை உடனே தூக்கிப் போட வேண்டாம். சில மணி நேரம் வெளியில் வைத்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வெடிப்போ கொப்புளமோ தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கை சற்றே இறுக்கமாக இருப்பது நல்லது. ஸ்லைடு ஓடும் தடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சொட்டு, கேஸ் வெளிவரும் நாசிலுக்கு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். துரு இளக்கும் ஸ்ப்ரேக்கள் வேண்டவே வேண்டாம், அவற்றில் இருக்கும் கரைப்பான் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். கரைப்பான் கலக்காத சிலிக்கான் எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். அதிலும் குண்டு ஓடும் உள்குழாயான இன்னர் பேரலுக்குள்ளும், அதன் பின்முனையில் இருக்கும் ஹாப்-அப் ரப்பரிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. குண்டுக்குப் பின்சுழற்சி கொடுப்பதே அந்த ரப்பரின் உரசல்தான். வழுக்கினால் ஒரு குண்டு மேலே போகும், அடுத்தது இடப்பக்கம் போகும். எண்ணெய் பட்டுவிட்டால் ரப்பரைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பேரலை உலர்ந்த துணி சுற்றிய குச்சியால் துடைத்தால் போதும். அந்த ரப்பரின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹாப்-அப் சக்கரத்தை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். அழுத்தத்தோடு விட்டால் ரப்பரில் குழி விழுந்துவிடும்.

வைக்கும் இடம் குளிர்ச்சியாக, உலர்ந்து, வெயில் படாமல் இருக்க வேண்டும். ஃபோம் பஞ்சு பதித்த அழகான பெட்டியை நான் நீண்ட காலச் சேமிப்புக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வருடங்கள் போனால் பிசுபிசுவென்று உதிர்ந்து ஸ்லைடில் ஒட்டும். ஜூன் மாத மழைக்காலம் தொடங்கினால் ஜப்பானில் இது நன்றாகவே தெரியும். பருத்தித் துணிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பூட்டிய அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கார் டிக்கியில் கேனையோ நிரப்பிய மேகசினையோ விடாதீர்கள். 50 டிகிரியில் புரொப்பேனின் அழுத்தம் 17 பாரைத் தொடும். விமானப் பயணம் என்றால் கேனை வீட்டிலேயே விட்டுவிட்டு, மேகசினில் துளியும் இல்லாமல் வெளியேற்றிவிட வேண்டும்.

மறுபடி எடுக்கும் நாளில் முதலில் பேரலை ஒருமுறை துடையுங்கள். கேஸ் நிரப்பி, குண்டு போடாமல் ஏழெட்டு முறை சுடுங்கள். மேகசினில் தேங்கியிருந்த எண்ணெய் நாசில் வழியாகத் தெறித்து வெளியே வந்துவிடும். பேரலை இன்னொருமுறை துடைத்துவிட்டு, ஹாப்-அப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு குண்டுகளைப் போடுங்கள்.