பழைய சிபி350-க்கு ஃபோர்க் பைப் தேடிய கதை

பிரேக் பிடித்தால் வண்டியின் முன்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். விட்டதும் மேலே வந்து இரண்டு முறை ஆடித்தான் நிற்கும். என் 1971 ஹோண்டா சிபி350 மோட்டார் சைக்கிள் பல மாதங்களாக இப்படித்தான் இருந்தது. முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க் கால்களில் வலதிலிருந்து எண்ணெய் கசிந்து, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் வரை வழிந்ததும் இனித் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. முன்னால் டிரம் பிரேக். எண்ணெய் உள்ளே போய், டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவில் படிந்தால் பிரேக்கே இருக்காது.

எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் கழற்றினேன். பாட்டம் கேஸ் என்ற கீழ் உறைக்குள் ஏறி இறங்கும் பைப்பைத் துடைத்துப் பார்த்ததும் விஷயம் வேறு என்று புரிந்தது. சீல் உரசி ஓடும் இடத்தில் குரோம் பெயர்ந்து, கடுகளவு துருக்குழிகள். நகத்தை ஓட்டினால் மாட்டியது. இதன் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் குழியின் விளிம்பு அதன் உதட்டை அறுத்துவிடும்.

கழற்றியது கழற்றியாயிற்று, நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று பைப்புகளைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினேன். இடது பைப் சீராக உருண்டது. வலது பைப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தயங்கியது. லேத் பட்டறையில் பள்ளம் வெட்டிய தாங்கிகளான வி-பிளாக் இரண்டின் மேல் வைத்து, நடுவில் நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் முள்ளை நிறுத்திச் சுற்றினோம். முள் மொத்தம் 0.6 மி.மீ. ஆடியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முள் ஆடும் அளவில் பாதிதான் உண்மையான வளைவு. ஆக, 0.3 மி.மீ. பார்வைக்குத் தெரியாது. ஆனால் உள்ளே பைப் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரச அதுவே போதும்.

சரி, புதுப் பைப் வாங்கிவிடலாம் என்று தேடத் தொடங்கினேன். இங்கேதான் என் ஒரு மாதம் போனது.

'சிபி350' என்ற பெயரை வைத்துத் தேடினேன். அது தப்பு. இந்தப் பெயரில் அந்தக் காலத்தில் 1968 முதல் 1973 வரை வண்டி வந்தது. இடையில் பாகங்கள் மாறின. 1973-இல் வந்த சிபி350ஜி-யில் முன்னால் டிஸ்க் பிரேக். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மாட்டும் பாட்டம் கேஸே வேறு. விற்பவர் 'சிபி350-க்குப் பொருந்தும்' என்று சொன்னால், எந்த ஆண்டு வண்டி என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படித்தான் ஒரு ஜோடி வாங்கினேன். விட்டம் அச்சாக 33 மி.மீ.; என் பைப்போடு நிறுத்திப் பார்த்தால் நீளம் விரற்கடை அளவுக்குக் குறைவு. கீழ்முனை அமைப்பும் வேறு. ஹோண்டா பல மாடல்களுக்கு 33 மி.மீ. பைப் போட்டிருக்கிறது. விட்டம் ஒன்றாக இருப்பது ஒன்றையுமே உறுதி செய்யாது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் பாகங்கள் பட்டியலை எடுத்துவைத்து எண்ணைப் படிக்கக் கற்றேன். அந்தக் கால ஹோண்டா எண்ணில் மூன்று பகுதிகள். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். 51410 என்றால் முன் ஃபோர்க் பைப். நடுவில் உள்ள மூன்று இலக்கம் எந்த மாடலுக்காக முதலில் செய்தார்கள் என்பது. கடைசிப் பகுதி திருத்தங்களுக்கானது. இது தெரிந்தால் ஒரு பெரிய கதவு திறக்கிறது. வேறொரு மாடலின் பட்டியலில் உங்கள் எண்ணே அப்படியே இருந்தால், அந்த வண்டியின் பாகமும் உங்களுக்கு ஆகும். யமஹாவில் வரிசை தலைகீழ்: மாடல் குறியீடு முதலில், பாகத்தின் எண் பிறகு.

எண்ணைக் கொண்டு தேடியும் நல்ல நிலையில் பைப் கிடைக்கவில்லை. பழைய பைப்பையே புதுப்பிக்க முடிவு செய்தேன். இப்போது யோசித்தால் இதையே முதலில் செய்திருக்கலாம். ஹார்டு குரோம் போடும் பட்டறையில் சொல்ல வேண்டியவை சில உண்டு. வளைவை முதலில் நிமிர்த்த வேண்டும், குரோம் பிறகுதான். புதுக் குரோமோடு பிரஸ்ஸில் வைத்தால் வெடிப்பு விடும். பழைய குரோமை எடுத்து, குழி போகும்வரை கிரைண்ட் செய்து, தடிமனாகக் குரோம் ஏற்றி, மறுபடி பழைய அளவுக்குக் கிரைண்ட் செய்ய வேண்டும். அந்தப் பழைய அளவு எது? தேய்ந்த இடத்தில் அளந்தால் தேய்மானத்தைத்தான் அளப்போம். மேலே கிளாம்ப் பிடிக்கும் பகுதியில் எதுவும் உரசுவதில்லை. அங்கே மைக்ரோமீட்டர் வைத்தேன். 32.96 மி.மீ. அந்த எண்ணை எழுதிக் கொடுத்தேன். 33 என்று வாயால் சொல்லியிருந்தால் அந்த 0.04 மி.மீ. தடித்து, பாட்டம் கேஸுக்குள் இறுகியிருக்கும். முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். அதனால் பூசிய கையோடு 200 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூட்டில் வைத்து எடுக்கச் சொன்னேன். ஃபோர்க் பைப் உயிரைத் தாங்குகிற பாகம். இதில் சமரசம் வேண்டாம்.

சீல் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே செய்து, பிரிக்காத உறையில் கிடக்கும் ஹோண்டா சீல் கிடைத்தது. பார்க்க ஆசையாக இருந்தது. உதட்டை விரலால் மடக்கினேன், மடங்கவில்லை. ரப்பர் வண்டியில் ஓடாமல் சும்மா கிடந்தாலும் வயதாகும். உலோகப் பாகம் என்றால் பழைய கையிருப்பை நம்பி வாங்குவேன். ரப்பர் என்றால் இன்று செய்ததுதான். சீலின் முகத்தில் அளவு இருக்கும்: 33-46-11 என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். அந்த மூன்றும் ஒத்துப்போனால் எந்த வண்டியின் பெயரில் விற்றாலும் கவலையில்லை.

ஸ்பிரிங் வாங்கவில்லை. ஆனால் மாற்று ஸ்பிரிங் ஒன்றைக் கையில் வைத்து ஒப்பிட்டேன். என்னுடையதன் கம்பி 4.0 மி.மீ., அது 4.2. இவ்வளவுதானே என்று தோன்றும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். சுருள் விட்டமும் சுற்றுகளும் மாறாமல் இருந்தால், அந்த 0.2 மி.மீ. சுமார் 22 சதவீதம் விறைப்பைக் கூட்டிவிடும். வெர்னியரை வாங்கிய நாளிலிருந்து இதைவிடப் பயனுள்ள கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. பழைய ஸ்பிரிங் இரண்டும் ஒரே நீளம் இருந்ததால் அவற்றையே போட்டு, மேலே பிவிசி குழாய்த் துண்டு வைத்து முன்சுமையை, அதாவது ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கியிருக்கும் அளவை, கூட்டினேன்.

எண்ணெயில் ஒரு சிக்கல். டப்பாவில் '10' என்று போட்டிருக்கும் இரண்டு நிறுவனங்களின் ஃபோர்க் ஆயில் ஒரே கெட்டியில் இருக்காது. 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) என்று அதன் விவரத்தாளில் பார்த்து ஒப்பிட வேண்டும்.

பின் ஷாக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்னுடையவை பிரிக்க முடியாதபடி மூடியவை. கோனி நிறுவனம் மோட்டார் சைக்கிள் ஷாக் செய்வதை விட்ட பிறகு அதே வடிவத்தை ஆஸ்திரேலியாவின் ஐகான் நிறுவனம் தொடர்ந்தது; பிரிட்டனின் ஹேகனும் பழைய வண்டிகளுக்குச் செய்கிறது. ஷாக்கை மாட்டும் மேல் துளையின் (கண்) மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை நீளம், அந்தத் துளைகளுக்குள் இருக்கும் புஷ்களின் உள்விட்டம், செயின் கவருக்கும் ஸ்பிரிங்குக்கும் இடைவெளி ஆகிய மூன்றையும் அளந்து வைத்திருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை.

போன வாரம் முன்பக்கத்தை மாட்டினேன். ஆக்சிலை மாட்டி, பிடிப்பு நட்டுகளை இறுக்காமல் ஃபோர்க்கைப் பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கி, ஃபோர்க்கின் இரண்டு காலும் தாமாக நேராக நின்ற பிறகே இறுக்கினேன். நான் உட்கார்ந்தால் 34 மி.மீ. இறங்குகிறது. ஃபோர்க் மொத்தம் இறங்கக்கூடிய தூரம் 115 மி.மீ., எனவே ஏறக்குறைய 30 சதவீதம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் இறங்கி நிற்கிறது, ஆடவில்லை. அந்த முதல் வளைவில் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன்.

80 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பைப்பை வெள்ளைத் துணியால் துடைத்தேன். வலது சுத்தம். இடதில் மயிரிழை போல ஒரு எண்ணெய் வளையம் இருந்தது. புது சீல் பழகும்வரை இப்படி இருக்கலாம். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகும் அதே இடத்தில் வளையம் வந்தால் இடது காலை மறுபடி கழற்றுவேன்.