தேதி இல்லாத பதிவு

கிராம நிர்வாக அலுவலராக நான் முதலில் பொறுப்பேற்றது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில். உள்நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு நிலத்தின் எல்லைக்கல்லைக் கடல் எடுத்துக்கொண்டு போய்விடும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கிராமத்து நில விவரங்களைச் சொல்லும் அ-பதிவேட்டில் புஞ்சை என்று பரப்போடு நிற்கும் ஒரு புலத்தைத் தேடி வரைபடத்துடன் கரைக்குப் போனால், தலையாரி கையை நீட்டி, "அந்தா நுரை தள்ளுது பாருங்க, அதுக்கு அங்கிட்டுத்தான் சார் கல்லு" என்பார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகளே நீருக்குள் போய்விட்ட கடல் அது. சில சென்ட் நிலத்துக்காக அங்கே யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. நானும் அதை விரைவில் பழகிக்கொண்டேன். மனிதர்கள் விஷயத்தில்தான் தடுமாறினேன்.

கிராமத்தில் பிறப்பு, இறப்பைப் பதிவதும் எங்கள் வேலைதான். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர், வயது, இடம், தேதி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வாடைக்காற்று ஓங்கிய ஒரு மார்கழியில் வடகடலுக்கு, அதாவது பாக் நீரிணைப் பக்கம், நாட்டுப்படகில் போன ஓர் இளைஞர் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. சில வாரங்கள் கழித்து உறவினர்கள் அவருடைய தாயையும் மனைவியையும் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். வந்தவர்களை உட்காரச் சொல்லுமுன், பேனாவைத் திறந்தபடி, "இறந்த தேதி என்னம்மா?" என்று கேட்டேன். அன்று அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை என்பதை இன்று நினைக்கும்போதுதான் கூசுகிறது. அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்து, "சோறு கட்டிக்கிட்டுப் போன தேதிதான் தம்பி எனக்குத் தெரியும்" என்றார்.

அந்தப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. உடல் கிடைக்காதவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 111-ஆம் பிரிவாக இருக்கிறது. அப்போதும்கூட, இறந்தார் என்பதுதான் அனுமானமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்பது அதில் அடங்காது. இதையெல்லாம் நான் விளக்கியபோது அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சான்று கேட்டு வந்தவர்கள் உறவினர்கள்தான், அந்தப் பெண்கள் இருவரும் எதையும் கேட்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

வாக்காளர் பட்டியல் சரிபார்ப்புக்காக ஆண்டுதோறும் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. "பேரு இருக்கட்டும் தம்பி" என்பார் தாய். கொட்டகையின் மூங்கிலில் பாதி பொத்திய பச்சை வலை ஒன்று தொங்கும். மகன் விட்டுப்போன இடத்தில் கண்ணிக்குள் செருகிய வலை ஊசி அப்படியே இருக்கும். உப்புக்காற்றில் நூல் வெளுத்துக்கொண்டே வந்தது, ஊசியை மட்டும் யாரும் தொடவில்லை.

அந்தத் தாய் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தகப்பனைப் பறிகொடுத்து, சிறுமியாக இந்தக் கரைக்கு வந்தவர். அன்று கடல் இழுத்துப்போன ரயிலில் பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. "எங்கப்பாவுக்காவது தேதி இருக்கு, ஊருக்கே ஒரே தேதி" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் ஆண்டு போனபோது வலை கொட்டகையில் இல்லை. முற்றத்தில் விரித்துக் கிடந்தது. பச்சை நூல் முடிந்த கண்ணியிலிருந்து நீல நூல் தொடங்கி விளிம்பு வரை ஓடியிருந்தது. மருமகள் பொத்தி முடித்ததாம். கொழுந்தன் அதை எடுத்துக்கொண்டு மறுநாள் கடலுக்குப் போவதாக இருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. தாயே சொன்னார்: "ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயி, அக்னி தீர்த்தத்துல எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வந்துட்டோம். தேதி தெரியாதவுகளுக்கு அமாவாசைதானே தம்பி." எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து முன்னோருக்கு நீர் விடும் அந்தக் கரை அவருக்குப் பேருந்தில் போகும் தூரத்தில்தான் இருந்தது, போவதற்கு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் படித்த சட்டம் கைவிட்ட இடத்துக்கு எங்கள் முன்னோர் எப்போதோ ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

"இனிமே அந்தச் சீட்டை எழுதிக் குடுங்க" என்றார். அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும், பிறகு நீதிமன்றமும் போக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"உங்க நோட்டுக்கு இன்னும் மனசு வரலையாக்கும்."

முற்றத்திலிருந்து மருமகள் நீல நூல்கண்டைக் கேட்டார். என் நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.