மொய் நோட்டில் ஒரு படம்

படம் எடுக்க 11 லட்சம் ஆயிற்று. அதை எப்படிப் புரட்டினோம் என்பது தனிக்கதை. எடுத்து முடித்த படத்தை நாலு பேர் கண்ணில் காட்டுவதற்கும் பணம் வேண்டும் என்பது, முடித்த பிறகுதான் உறைத்தது.

84 நிமிடப் படம். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்த ஒரு கிழவரைப் பற்றியது. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரில், ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து 2022இல் எடுத்தோம். தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது, பாட்டும் கிடையாது. திரையரங்குக்காரர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மிச்சம் இருந்தது திரைப்பட விழாக்கள்தான். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ஒரு தமிழ்ப் படம் அதன் உயரிய பரிசான புலி விருதை வாங்கியதிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆசை கொஞ்சம் முற்றியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலிக்கலவை, வசனங்களுக்கு ஆங்கிலத் துணைத்தலைப்பு, விழாக்களுக்கு விண்ணப்பக் கட்டணம், தேர்வானால் போய்வரும் செலவு. எப்படிச் சுருக்கினாலும் மூன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை.

முதலில் இணையத்தில் கூட்டுநிதி கேட்டோம். இலக்கு 4 லட்சம், கெடு 45 நாள். 1,000 ரூபாய் தந்தால் படத்தின் முடிவில் பெயர், 5,000 தந்தால் சுவரொட்டியில் கையெழுத்து என்றெல்லாம் ஆசை காட்டினோம். 38 பேர் சேர்ந்து 71,500 ரூபாய் போட்டார்கள். அதில் பாதிப் பேர் என் கல்லூரி நண்பர்கள். இலக்கைத் தொடாவிட்டால் பணம் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும் என்பது அந்தத் தளத்தின் விதி, போய்விட்டது. போதாக்குறைக்கு, உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தத் தொகைக்கும் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று ஆடிட்டர் பயமுறுத்தியிருந்தார். அந்தக் கவலையாவது விட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாமன் ஒரு நாள் கேட்டார்: “ஏன் மாப்பிள்ளை, முகம் தெரியாதவனிடம் போய்க் கேட்கிறாய்? அக்காவின் நோட்டை எடுத்துப் பார்த்தாயா?”

எங்கள் பக்கத்து மொய் விருந்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். வட்டி கிடையாது, ஆனால் கடன்தான். அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான் விருந்து. கிணறு, வீடு, கல்யாணம், கடை என்று இந்தப் பணத்தில் எழும்பாதது எதுவுமில்லை. சினிமாவுக்கு யாரும் வைத்ததாகத் தெரியவில்லை.

அம்மாவின் நோட்டில் எங்களுக்கு வரவேண்டியது 1,86,000 ரூபாய் இருந்தது. அப்பா போன பிறகும் அம்மா ஒரு விருந்தையும் விடாமல் போய் எழுதியிருக்கிறார். 2023 ஆடியில் ஆறு வீடுகள் சேர்ந்து விருந்து வைத்தோம். ஆறாவது மேசை எங்களுடையது. ‘திரைப்பட விழாச் செலவுக்காக’ என்று அழைப்பிதழில் போடலாமா என்று கேட்டேன், மாமா முறைத்தார். காரணம் போடுவது வழக்கமில்லை. ஆனால் விருந்தன்று காலைக்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

என் படத்தில் டீக்கடைக்காரராக நடித்த பெரியவர், நிஜத்திலும் டீக்கடைக்காரர்தான், கைகழுவிய ஈரத்தோடு மேசைக்கு வந்தார். ஒரு நாள் நடிப்புக்கு அவருக்கு 1,000 ரூபாய் கொடுத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து எண்ணி 1,001 வைத்தார். எழுதுகிறவர் தொகையைச் சத்தமாகச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஆயிரம் நீ எனக்கு எழுதியது, கழிந்தது. ஒரு ரூபாய் புது மொய். மறந்துவிடாதே.”

மேசையில் மொத்தம் 4,12,000 ரூபாய் விழுந்தது. விருந்துச் செலவில் எங்கள் பங்கு 68,000. கையில் நின்றது 3,44,000. வரவேண்டியது போக 2,26,000 ரூபாய் என் தலையில் புதுக் கடன்.

அந்தப் பணத்தில் நான் செய்த முதல் வேலை முட்டாள்தனமானது. திரையரங்கில் ஓட்டுவதற்கான டிசிபி என்ற டிஜிட்டல் பிரதியை வன்தட்டில் 45,000 ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டேன். தேர்வுக்குழுவுக்கு அது தேவையே இல்லை. கடவுச்சொல் போட்ட இணைய இணைப்பு போதும். தேர்வான பிறகு செய்தால் போதும் என்று சொல்ல ஆளில்லை.

அடுத்தது விண்ணப்பம். விழாக்களுக்கு விண்ணப்பிக்க உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளம் வழியாகவும் நேரடியாகவும் 21 விழாக்கள். கெடு நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். டாலரில் கட்டுவதால் வங்கி தன் பங்கையும் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒரு விழாவில் எங்கள் படத்தை ஏழு நிமிடம் மட்டும் பார்த்திருந்தார்கள். இணைப்பின் புள்ளிவிவரத்தில் தெரிந்தது. ஏழாவது நிமிடத்தில்தான் கிழவர் முதன்முதலாகப் பேசுகிறார். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கடிதம் எழுதலாம் என்பது பிந்தித்தான் தெரிந்தது. அதன்பின் 14 விழாக்களுக்கு எழுதினேன், ஐந்து சம்மதித்தன. முன்பே தெரிந்திருந்தால் கட்டணத்தில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்கும்.

இதற்கிடையில் ஊரில் ஒரே கேள்வி: “படத்தை எப்போது காட்டுவாய்?” பொதுவில் காட்டிவிட்டால் முதல் திரையிடல் என்ற தகுதி போய்விடும், பல விழாக்கள் தொடாது. இதை மொய் எழுதியவர்களிடம் எப்படிச் சொல்வது? அம்மாதான் சமாளித்தார்: “சாமிக்குப் படைக்கும் முன்னால் யாராவது வாயில் வைப்பார்களா?” தேர்வுக்குழுவைச் சாமியாக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர் ஒப்புக்கொண்டது.

பத்தொன்பது மறுப்புகளுக்குப் பிறகு ஐரோப்பாவில் ஒரு சிறிய விழா கூப்பிட்டது. மூன்று இரவுத் தங்கல் அவர்களுடையது, விமான டிக்கெட் நம்முடையது. ஷெங்கன் விசாவுக்கு அப்போது 80 யூரோ. வங்கிக் கணக்கில் திடீரென்று இவ்வளவு ரொக்கம் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டால்? மொய் விருந்து அழைப்பிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விண்ணப்பத்தோடு இணைத்தேன். படித்தவர் என்ன நினைத்தாரோ, விசா வந்தது. 2024 ஏப்ரலில் அறுபது இருக்கை அரங்கில் 41 பேர் பார்த்தார்கள், எண்ணினேன்.

திரும்பிய மறுவாரம் பள்ளி மைதானத்தில் திரை கட்டினோம். படத்தில் வருவது யார் தோப்பு என்ற சண்டையில் முதல் பத்து நிமிடம் வசனமே கேட்கவில்லை.

டீக்கடைப் பெரியவர் வீட்டில் வைகாசியில் பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை வந்துவிட்டது. ஒரு ரூபாயைத் திருப்பி, மேலே எவ்வளவு எழுதுவது என்று அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.