மசக்கையும் தைராய்டும் என் அழுகையும்

ஒன்பதாவது வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் ஹார்மோன்) 0.05 என்று வந்தது. ரொம்பக் குறைவு, அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி, அதுதான் வேடிக்கை. அதுவரை "மசக்கைன்னா வாந்தி வரத்தான் செய்யும், இவளுக்கு மனசுல தெம்பு இல்ல" என்றவர்கள், "ஓ, தைராய்டா, அதான் இப்படி அழுகிறாள்" என்று மாறிவிட்டார்கள்.

தினம் பதினைந்து தடவை வாந்தி. தாளிக்கிற வாசம் வேண்டாம், சோறு வடிக்கும் ஆவி பட்டாலே போதும். 54 கிலோவில் இருந்தவள் 49-க்கு வந்துவிட்டேன், சிறுநீரில் கீட்டோன் வேறு (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிப்பதன் அடையாளம்). கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், காரணமே இல்லாமல் கண்ணீர் வரும்.

முதலில் காட்டிய இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எழுதிவிட்டார்கள். நல்லவேளை, மாத்திரையைப் பிரிப்பதற்குள் வேறொரு டாக்டரிடம் போனோம். கரு உருவாகும் மாதங்களில் அது பிள்ளைக்கே குறை உண்டாக்கலாமாம். அவர் ட்ரிப்ஸ் போட்டார், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே வைட்டமின் பி1 ஊசி (நாள்கணக்காகச் சாப்பிடாதவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம்). அப்புறம்தான் விளக்கினார். கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு விழ வைக்கிறதே எச்.சி.ஜி., அதன் அமைப்பில் ஒரு பாதி டி.எஸ்.எச்.சில் இருப்பதேதான். தைராய்டு ஏமாந்துபோய்க் கூடுதலாகச் சுரக்கிறது, அதைப் பார்த்து மூளை டி.எஸ்.எச்.சைக் குறைத்துக்கொள்கிறது. எச்.சி.ஜி. உச்சத்தில் இருப்பது 8 முதல் 11 வாரம் வரை, என் ரிப்போர்ட் வந்ததும் சரியாக அப்போதுதான். கழுத்தில் வீக்கம் இல்லை, கண் பிதுங்கவில்லை, ஆன்டிபாடியும் நெகட்டிவ். அதனால் இது கிரேவ்ஸ் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் நோய்) இல்லை, தைராய்டு சுரப்பு தானாக இறங்கிவிடும், மாத்திரை வேண்டாம் என்றார்.

"அழுகைக்கும் இதுதானே காரணம், டாக்டர்?" என்று கேட்டேன். படபடப்பில் கொஞ்சம் தைராய்டின் பங்கு இருக்கலாம், ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல், தூங்காமல் வாரக்கணக்கில் கிடந்தால் யாருக்கும் மனசு உடையும்மா என்றார். அந்தக் காலத்து மேல்நாட்டு டாக்டர்கள் சிலர், பிள்ளை வேண்டாம் என்கிற உள்மனசுதான் வாந்தியாக வருகிறது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள், படிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2023-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைக் கைகாட்டுகிறது: கர்ப்பத்துக்கு முன் உடம்பில் அது குறைவாக இருந்து பழகியவர்களை, கருவிலிருந்து வரும் திடீர்ப் பெருக்கு அதிகமாக வாட்டுகிறதாம். மனசில் தெம்பு இல்லாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பத்தொன்பதாவது வாரம் டி.எஸ்.எச். 1.1, சரியான அளவுதான், ஒரு தைராய்டு மாத்திரைகூடப் போடாமலேயே. அழுகை மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் வாந்தியும் நிற்கவில்லை. இருபத்து மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் ரசம் சாதம் வயிற்றில் தங்கியது, அன்று ராத்திரி முழுக்கத் தூங்கினேன். அத்தை மறுநாளே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு "தைராய்டு சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.